நாய்க்கும் நமக்கும் ஒரே கிருமி: ரெண்டு செய்தியும் எப்படி உண்மையாகும்?

2023ல பெர்லின்ல இருந்து ஒரு செய்தி வந்துச்சு, வீட்ல வளர்க்கிற நாய் பூனைகிட்ட இருந்து மருந்துக்குக் கேக்காத கிருமி மனுஷனுக்கு வர்றது ரொம்ப அபூர்வம்னு. அடுத்த வருஷமே போர்ச்சுகல்ல இருந்து இன்னொரு செய்தி, நாய்கிட்டயும் அதை வளர்க்கிறவங்ககிட்டயும் ஒரே கிருமி இருக்குன்னு. இது ரெண்டையும் மாத்தி மாத்தி ஃபார்வர்டு பண்ணிட்டு "எது நிஜம், நாயை வீட்டுக்குள்ள விடலாமா கூடாதா"ன்னு நிறைய பேர் கேக்கிறாங்க. ரெண்டுமே நிஜம்தான். அது ஏன்னு புரியணும்னா அடிப்படையில இருந்து வரணும், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல நாலு விஷயம்

1. "அந்த மாத்திரை என் உடம்புக்குக் கேக்கல"ன்னு நாம சொல்றோம்ல, உண்மையில கேக்காதது உடம்பு இல்ல, கிருமி. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒண்ணும் பண்ணாது. அந்த மருந்தையே தாங்கிப் பிழைக்கிற பாக்டீரியாவைத்தான் ரெசிஸ்டன்ட் பாக்டீரியான்னு சொல்றாங்க. இந்தக் கட்டுரையில மருந்துக்குக் கேக்காத கிருமின்னே சொல்லிடுறேன்.

2. கிருமி உடம்புல இருக்கிறது வேற, கிருமியால நோய் வர்றது வேற. குடல்ல ஈ.கோலை எல்லாருக்கும் இருக்கு, நாய்க்கும் இருக்கு. மூக்குக்குள்ள ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சுமார் 30 சதவீதம் பேருக்கு இருக்கும், அவங்களுக்கு அது இருக்கிறதே தெரியாது. அது சும்மா குடியிருக்கு, அவ்வளவுதான். ஆனா அதே ஈ.கோலை மூத்திரப் பைக்குள்ள போனாலோ, அதே ஸ்டாஃப் ஆபரேஷன் தையல் வழியா உள்ள நுழைஞ்சாலோ அப்பதான் நோய். செய்தியில "நாய்கிட்ட கிருமி கண்டுபிடிப்பு"ன்னு போட்டா பெரும்பாலும் இந்தக் குடியிருப்பைத்தான் சொல்றாங்க, யாருக்கும் காய்ச்சல் வந்துச்சுன்னு அர்த்தம் இல்ல.

3. பாக்டீரியா பெருகுறது ரொம்ப வேகம், வசதியான சூழ்நிலை கிடைச்சா ஈ.கோலை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டா பிரியும். இதுல எங்கயோ ஒண்ணு தற்செயலா மருந்தைத் தாங்குற மாதிரி மாறியிருந்தா, நாம மருந்து போடுறப்போ மத்ததெல்லாம் செத்து அது மட்டும் மிஞ்சும், அப்புறம் அந்த இடம் முழுக்க அதோட வாரிசுகள்தான்.

4. இதைவிட முக்கியமான ஒண்ணு பிளாஸ்மிட். பரீட்சை ஹால்ல ஒருத்தன் பிட்டை இன்னொருத்தனுக்குத் தள்ளி விடுற மாதிரி, பாக்டீரியா தன்கிட்ட இருக்கிற சின்ன வட்டமான டிஎன்ஏ துண்டை பக்கத்துல இருக்கிற பாக்டீரியாவுக்குக் கொடுக்கும், அது சொந்தக்கார பாக்டீரியாவாதான் இருக்கணும்னு கூட இல்ல. ஒரே பிட்டுல நாலஞ்சு கேள்விக்கு பதில் எழுதியிருக்கிற மாதிரி, ஒரே பிளாஸ்மிட்ல நாலஞ்சு மருந்துக்கான எதிர்ப்பு மொத்தமா இருக்கலாம். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

ஃபின்லாந்துல ஒரு வீடு

2015ல ஃபின்லாந்துல ஒரு குடும்பத்துல ரெண்டு நாய்க்கும் காது நோய், ஆறவே மாட்டேங்குது, திரும்பத் திரும்ப வருது. காதுல இருந்து எடுத்த சாம்பிளை லேப்ல பார்த்தா என்டிஎம்-5 ங்கிற ஜீன் உள்ள ஈ.கோலை. கார்பபெனம்னு ஒரு மருந்து வகை இருக்கு, மெரோபெனம் எல்லாம் அதுலதான் வரும், மத்த ஆன்டிபயாடிக் எதுவும் வேலை செய்யலன்னா ஐசியூல கடைசியா எடுக்கிற மருந்து. அந்த மருந்தையே உடைச்சுப் போடுற என்சைமைத் தயாரிக்கிறதுதான் இந்த என்டிஎம் ஜீன். அப்புறம் வீட்ல இருக்கிறவங்களையும் டெஸ்ட் பண்ணாங்க, குடும்பத்துல ஒருத்தர்கிட்டயும் அதே கிருமி இருந்துச்சு. இது 2018ல ஆராய்ச்சிக் கட்டுரையா வந்துச்சு.

இதுல ஒரு கேள்வி தானா வரும். நாய்க்குன்னு அனுமதி வாங்கின கார்பபெனம் மருந்தே கிடையாது, அப்புறம் எப்படி நாய் காதுல அந்த மருந்துக்குக் கேக்காத கிருமி நிலைச்சு நிக்குது? இங்கதான் பிட் கதை. கார்பபெனம் எதிர்ப்பு இருக்கிற அதே கிருமிகிட்ட சாதாரண மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே இருக்கும். நாள்பட்ட காது நோய்க்கு சாதாரண ஆன்டிபயாடிக்கையே திரும்பத் திரும்ப போட்டாலும் போதும், மத்த கிருமி செத்து அந்த மொத்த மூட்டையையும் தூக்கிட்டிருக்கிற கிருமிதான் ஜெயிக்கும். பெரிய மருந்தை பத்திரமா பூட்டி வச்சா மட்டும் போதாது, சின்ன மருந்தை இஷ்டத்துக்கு போட்டாலும் பெரிய மருந்து கெட்டுப் போகும்னு இதுல இருந்து தெரியுது. எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே ரொம்ப கவலையா படுறது இதுதான்.

அந்த ஜீன் பேர்ல இருக்கிற என்.டி. நியூ டெல்லிதான். 2008ல ஸ்வீடன்ல ஒரு நோயாளிகிட்ட முதல்ல தெரிஞ்சது, அவர் அதுக்கு முன்னாடி டெல்லியில சிகிச்சை எடுத்திருந்தார். 2010 ஆகஸ்ட்ல இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன்ல இது எவ்வளவு பரவியிருக்குன்னு லான்செட் குழும மருத்துவ இதழ்ல வந்த கட்டுரையோட முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி, அதுல சென்னையில எடுத்த கிருமிகளும் இருந்துச்சு. அப்ப பேர் வச்சது சரியா தப்பான்னே பெரிய சண்டை நடந்துச்சு. பேரை விடுங்க, அந்தக் கிருமிக் குடும்பம் நம்ம ஊர் தண்ணியிலயும் ஆஸ்பத்திரியிலயும் இருக்குங்கிறதுதான் விஷயம்.

பெர்லினும் லிஸ்பனும்: யாரைப் பார்த்தாங்க?

இப்ப முதல்ல சொன்ன ரெண்டு செய்திக்கு வருவோம்.

பெர்லின் சாரிட்டே ஆஸ்பத்திரியில 2,891 நோயாளிகளை எடுத்துக்கிட்டாங்க. செல்லப்பிராணி வச்சிருக்கிறவங்களை அதோட தொண்டையிலயும் மலத்துலயும் சாம்பிள் எடுத்து அனுப்பச் சொன்னாங்க, 300 பேர் 400க்கு மேல பிராணிகளோட சாம்பிளை அனுப்பினாங்க. 203 நாய்ல 15 சதவீதத்துக்கும் 187 பூனையில 5 சதவீதத்துக்கும் பல மருந்துக்குக் கேக்காத கிருமி ஏதோ ஒண்ணு இருந்துச்சு. ஆனா நோயாளிகிட்டயும் அவர் பிராணிகிட்டயும் ஒரே வகை கிருமி இருந்தது மொத்தமே நாலு இடத்துலதான். முழு டிஎன்ஏவையும் படிச்சுப் பார்த்தப்போ அச்சு அசலா பொருந்தினது ஒரே ஒரு ஜோடி, அது ஒரு நாயும் அதை வளர்த்தவரும்.

போர்ச்சுகல்ல லிஸ்பன் பல்கலைக்கழக ஆட்கள் பார்த்தது வேற கூட்டம். 43 வீடு, 43 பிராணி (38 நாய், 5 பூனை), 78 பேர். அந்தப் பிராணிகளுக்கு ஏற்கனவே தோல் நோயோ மூத்திரத் தொற்றோ இருந்துச்சு, சிகிச்சைக்கு வந்தவை. 43ல 24 பிராணிக்கும் 78ல 28 பேருக்கும் இஎஸ்பிஎல் மாதிரியான என்சைம் தயாரிக்கிற கிருமி இருந்துச்சு. இஎஸ்பிஎல்னா பென்சிலின் வகையும் செஃபலோஸ்போரின் வகையும் ரெண்டையுமே உடைக்கிற என்சைம், நம்ம ஊர் யூரின் கல்சர் ரிப்போர்ட்ல கூட இந்தப் பேரை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. எட்டு வீட்ல பிராணி, மனுஷன் ரெண்டு பேர்கிட்டயும் இருந்துச்சு, அதுல ஆறு வீட்ல டிஎன்ஏ பொருந்துச்சு.

ஆக ஒண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்த மனுஷன்ல இருந்து ஆரம்பிச்சு வீட்டுப் பிராணிக்குப் போகுது, இன்னொண்ணு நோயாளி நாயில இருந்து ஆரம்பிச்சு வீட்டு மனுஷனுக்கு வருது. ஆஸ்பத்திரி நோயாளிக்கு கிருமி வர்றதுக்கு ஆஸ்பத்திரி, ஏற்கனவே எடுத்த மருந்து, ஆபரேஷன்னு ஆயிரம் வழி இருக்கு, அந்தக் கூட்டத்துல நாயோட பங்கு சின்னதா தெரியிறது இயல்பு. மருந்து மேல மருந்து வாங்குற நோயாளி நாய் உள்ள வீடுகளை மட்டும் எடுத்தா பங்கு பெருசா தெரியும். "நாய் வளர்த்தா ஆபத்து"ன்னோ "ஆபத்தே இல்ல"ன்னோ ரெண்டு ஆராய்ச்சியும் சொல்லல, தலைப்பு போட்டவங்கதான் அப்படி போட்டாங்க.

யார் யாருக்குக் கொடுத்தது?

டிஎன்ஏ பொருந்துறதை வச்சு நாய்தான் கொடுத்துச்சுன்னு சொல்லிட முடியாது. மூணு வாய்ப்பு இருக்கு.

1. நாய்கிட்ட இருந்து நமக்கு. நாய் தோல்ல இயல்பா இருக்கிற பாக்டீரியா ஸ்டாஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ், 2005லதான் தனி இனமா பேர் வச்சாங்க. அதோட மருந்துக்குக் கேக்காத வடிவத்தை எம்ஆர்எஸ்பின்னு சொல்றாங்க. நாய்க்கு வர்ற தோல் சீழுக்கும் காது நோய்க்கும் பெரும்பாலும் இந்த இனம்தான் காரணம். எம்ஆர்எஸ்பி மனுஷன்கிட்ட வந்தாலும் நிலைச்சு நிக்கிறது கம்மி, நோய் பண்றது அதைவிட கம்மி, ஆனா நடந்திருக்கு.

2. நம்மகிட்ட இருந்து நாய்க்கு. இதை யாரும் பேசுறதே இல்ல. ஆஸ்பத்திரிகள்ல பேர் போன எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெத்திசிலினுக்குக் கேக்காத ஸ்டாஃப் ஆரியஸ், நாய்கிட்ட கிடைச்சா அது பெரும்பாலும் மனுஷ ஆஸ்பத்திரிகள்ல சுத்துற அதே வகையாதான் இருக்கு. ஆரியஸோட சொந்த வீடு மனுஷ மூக்குதான், நாய் அதுக்கு வந்து போற இடம். வீட்ல ஒருத்தர் ஆபரேஷன் முடிஞ்சு வந்து நாயை மடியில வச்சுக் கொஞ்சினா கிருமி நாய்க்குப் போகலாம், நாயை யாரும் சந்தேகப்பட்டு டெஸ்ட் பண்ண மாட்டாங்க, மனுஷனுக்கு குணமான பிறகு கூட நாய்கிட்ட இருந்து திரும்ப வரலாம்.

3. ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல இருந்து. பச்சைக் கறி, அழுக்குத் தண்ணி, சாக்கடை. பிரிட்டன்ல பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 600 ஆரோக்கியமான நாய்களோட மலத்தைப் பார்த்தப்போ, பச்சைக் கறி சாப்பிடுற நாய்கிட்ட சிப்ரோஃபிளாக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக்குக்குக் கேக்காத ஈ.கோலை இருக்கிற வாய்ப்பு கூடுதலா இருந்துச்சு. அந்தக் கறியை வெட்டுறது நம்ம கை, நம்ம பலகை.

அமெரிக்க நாய்க்குட்டிகள்

மேல சொன்னதெல்லாம் பெரும்பாலும் சும்மா குடியிருக்கிற கிருமியைப் பத்தி. நிஜமாவே ஜனங்க படுத்த படுக்கையான கதை ஒண்ணு இருக்கு. 2016 ஜனவரியில இருந்து 2018 பிப்ரவரி வரைக்கும் அமெரிக்காவுல 18 மாநிலத்துல 118 பேருக்கு கேம்பைலோபாக்டர்ங்கிற கிருமியால வயித்துப்போக்கும் காய்ச்சலும் வந்துச்சு. விசாரிச்சா பெரும்பாலும் பெட் ஷாப் நாய்க்குட்டிங்க வழியா வந்தது, 118ல 29 பேர் அந்தக் கடைகள்ல வேலை பார்க்கிறவங்க. அந்த நோய்க்கு வழக்கமா கொடுக்கிற எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அந்தக் கிருமி கேக்கல.

ஏன் இப்படி ஆச்சுன்னு பார்க்கிறப்போதான் மனசு கனக்குது. விவரம் கிடைச்ச 149 குட்டிகள்ல 142 குட்டிக்கு கடைக்கு வர்றதுக்கு முன்னாடியோ கடையிலயோ ஆன்டிபயாடிக் கொடுத்திருக்காங்க, அதாவது 95 சதவீதம். பாதிக்கு மேல குட்டிகளுக்கு நோயே இல்ல, வந்துடக் கூடாதுன்னு முன்கூட்டியே கொடுத்தது. பல இடத்துல பிறந்த குட்டிகளை ஒண்ணா வண்டியில ஏத்தி, கூண்டுல அடைச்சு, பயந்து போய் வயிறு கெட்டுப் போற நிலைமையில வச்சுட்டு அதுக்கு மேல மருந்தையும் ஊத்தினா வேற என்ன நடக்கும். மருந்தைத் தாங்குற கிருமியை மட்டும் பொறுக்கி எடுத்து, அதைப் பிரியமா தூக்கி முத்தம் கொடுக்கிறவங்க கையில கொடுத்த மாதிரிதான். சுத்தமான இடமும் கூட்டம் குறைவும் செய்ய வேண்டிய வேலையை மருந்தை வச்சு முடிச்சுக்கப் பார்த்தாங்க. அந்தக் குட்டிங்க மேல எந்தத் தப்பும் இல்ல.

நாய் மருந்தும் நம்ம மருந்துதான்

நாய்க்குத் தனி மருந்து நமக்குத் தனி மருந்துன்னு நினைக்கிறவங்க நிறைய. பேக்கிங்தான் வேற. நாய் தோலுக்குக் கொடுக்கிற செஃபலெக்சின், அமாக்சிசிலின் கிளாவுலனேட், டாக்ஸிசைக்கிளின் எல்லாம் நாம சாப்பிடுறதுதான். என்ரோஃபிளாக்சசின் விலங்குகளுக்கு மட்டும்னு விக்கிற மருந்து, ஆனா நாய் உடம்புக்குள்ள அதுல ஒரு பங்கு சிப்ரோஃபிளாக்சசினா மாறிடுது, அது நமக்கு மூத்திரத் தொற்றுக்கு எழுதித் தர்ற அதே சிப்ரோ. அதனால நாய் உடம்புல நடக்கிற பழக்கம் நம்ம மருந்தைத்தான் தேய்க்குது, நம்ம உடம்புல நடக்கிறது நாயோட மருந்தைத் தேய்க்குது.

கொலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாடிக்கோட கதையும் அப்படித்தான். ரொம்ப வருஷமா கோழி, பன்றித் தீவனத்துல கலந்தாங்க, அதே மருந்து கார்பபெனமும் கைவிட்ட நோயாளிக்கு ஐசியூல தேவைப்படுது. 2015 நவம்பர்ல சீனாவுல அதுக்கான எதிர்ப்பு ஜீன் பிளாஸ்மிட்ல இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க, எம்சிஆர்-1ன்னு பேர். அடுத்த வருஷமே குவாங்சோவுல பெட் ஷாப்ல வேலை பார்த்த ஒருத்தர்கிட்டயும் அந்தக் கடை நாய்கள்கிட்டயும் அது இருந்ததா கட்டுரை வந்துடுச்சு. இந்தியா 2019 ஜூலையில உணவுக்காக வளர்க்கிற விலங்குகளுக்கு கொலிஸ்டினைத் தடை பண்ணுச்சு, அது நல்ல வேலை. ஐரோப்பிய யூனியன் இன்னும் ஒரு படி மேல போய் 2022ல, கார்பபெனம் உட்பட சில மருந்துகளை மனுஷனுக்கு மட்டும்னு ஒதுக்கி வச்சிடுச்சு, நாய் பூனைக்கும் கூடாது.

நம்ம ஊர்ல 2014ல இருந்து ஷெட்யூல் எச்1 விதி இருக்கு, அதுல இருக்கிற ஆன்டிபயாடிக்கை சீட்டு இல்லாம விக்கக் கூடாது, கடைக்காரர் யாருக்கு வித்தார்னு எழுதி வைக்கணும். கேரளாவுல 2024ல ஆபரேஷன் அம்ரித்னு கடை கடையா சோதனையே போட்டாங்க. ஆனாலும் பல மெடிக்கல் ஷாப்ல வாயால கேட்டாலே மாத்திரை கிடைக்குதுங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதுல நாய்க்குன்னு கேட்டா இன்னும் சுலபம், "பப்பிக்கு வயித்தால போகுது, ஏதாச்சும் குடுங்கண்ணே"ன்னா பாதி மாத்திரை ஒடிச்சுக் கொடுக்கச் சொல்லி கொடுத்துடுவாங்க. நாய் எடைக்கு எவ்வளவு, எத்தனை நாள், அது பாக்டீரியாதானான்னு எந்தக் கணக்கும் இல்ல. பார்வோ வைரஸ்னா அந்த மாத்திரை வைரஸை ஒண்ணும் பண்ணாது, அதுக்கு முதல்ல வேண்டியது டிரிப்ஸ், குடல்ல இருக்கிற கிருமிக்குதான் பயிற்சி கிடைக்குது.

அப்ப யாருக்கு இது பெரிய விஷயம்?

ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு குடல்ல ஒரு இஎஸ்பிஎல் கிருமி கூடுதலா இருந்தா இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. பிரச்சனை என்னிக்காவது அது இடம் மாறுறப்போ. வழக்கமா அஞ்சு நாள் மாத்திரையில சரியாகிற மூத்திரத் தொற்று, மாத்திரை கேக்காம அட்மிட் ஆகி ஊசி போடுற அளவுக்குப் போகும். கீமோ எடுக்கிறவங்க, கிட்னி மாத்தினவங்க, பச்சைக் குழந்தை, ஆபரேஷன் தேதி குறிச்சவங்க, ஆறாத சர்க்கரைப் புண் உள்ளவங்க இருக்கிற வீட்ல மட்டும் கூடுதல் கவனம் வேணும். உலகம் முழுக்க 2019ல மட்டும் 12.7 லட்சம் பேர் நேரடியா மருந்துக்குக் கேக்காத பாக்டீரியாவால செத்ததா லான்செட்ல 2022ல வந்த கணக்கு சொல்லுது. அதுல நாய் வழியா வந்தது பெரிய பங்கு இல்ல, பெரிய பங்கு ஆஸ்பத்திரியும் நாம சாப்பிடுற மருந்தும்தான். இதை மறைச்சுட்டு நாயை மட்டும் குத்தம் சொல்றது நியாயமே இல்ல.

வீட்ல என்ன பண்ணலாம்

1. தோலோ காதோ ரெண்டாவது தடவை திரும்ப வந்தா அதே மருந்தைத் திரும்ப வாங்காதீங்க. சீழ்ல இருந்து சாம்பிள் எடுத்து கல்சர், சென்சிடிவிட்டி பார்க்கச் சொல்லி டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. எந்த மருந்துக்குக் கேக்கும் எதுக்குக் கேக்காதுன்னு அதுலதான் தெரியும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி பெரிய இடங்கள்லயும் தனியார் லேப்லயும் பண்றாங்க. காசு செலவுதான், ஆனா கேக்காத மருந்தை மூணு தடவை வாங்குறதும் செலவுதானே. அதோட திரும்பத் திரும்ப வர்றதுக்கு அடியில அலர்ஜியோ உண்ணியோ வேற எதுவோ இருக்கலாம், அதைப் பார்க்காம ஆன்டிபயாடிக் மட்டும் போட்டா நிக்காது.

2. மேலோட்டமான தோல் நோய்க்கு குளோர்ஹெக்சிடின் ஷாம்பு போட்டே சரி பண்ண முடியுமான்னு முதல்ல கேளுங்க. மாத்திரை போட்டா மருந்து குடல் வரைக்கும் போய் அங்க இருக்கிற கிருமியையும் பழக்கும், ஷாம்பு தோலோட நின்னுடும். பத்து நிமிஷம் நுரையோட ஊற விட்டு அலசணும், அவசரத்துல ஊத்திக் கழுவினா பிரயோஜனம் இல்ல.

3. உங்களுக்கு எழுதிக் கொடுத்ததுல மிச்சம் இருக்கிற மாத்திரை நாய்க்கு வேண்டாம், நாய்க்கு எழுதினது உங்களுக்கும் வேண்டாம்.

4. கோழிக்கடைக் கழிவை வாங்கி நாய்க்குப் போடுறவங்க வேக வச்சுப் போடுங்க, வேக வச்சா அந்தக் கிருமிங்க செத்துடும். எலும்பை மட்டும் எடுத்துடுங்க, வெந்த எலும்பு கூரா உடைஞ்சு குடலைக் குத்தும்.

5. மலம் அள்ளின பிறகும் காது கழுவின பிறகும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. புண்ணை நக்க விடாதீங்க. உடம்பு சரியில்லாதவங்க இருந்தா அவங்க படுக்கையில மட்டும் நாய் வேண்டாம்.

6. வீட்ல யாராவது ஆஸ்பத்திரியில இருந்து வந்திருந்தா நாய் டாக்டர்கிட்ட சொல்லுங்க, உங்களுக்கு தொற்று திரும்பத் திரும்ப வந்தா வீட்ல நாய் இருக்குன்னு உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரெண்டு டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கவே மாட்டாங்க, நடுவுல இருக்கிறது நீங்க மட்டும்தான்.

நாய்க்கு எம்ஆர்எஸ்ஏன்னு ரிப்போர்ட் வந்துட்டா என்ன பண்றதுன்னும் கேக்கிறாங்க. பயந்து போய் தெருவுல விட்டுடாதீங்க, விட்டா அந்தக் கிருமி தெருவுக்குப் போகும், நாயும் செத்துப் போகும். நோய் எதுவும் இல்லாம கிருமி சும்மா குடியிருக்குன்னா அதைத் துரத்துறதுக்குன்னு ஆன்டிபயாடிக் கொடுக்கிறதும் சரியில்ல. ஆரியஸுக்கு நாய் சொந்த வீடு இல்லன்னு மேல சொன்னேன்ல, அதனால மனுஷன்கிட்ட இருந்து திரும்பத் திரும்ப ஒட்டாம பார்த்துக்கிட்டா பெரும்பாலான நாய்கள்ல சில வாரத்துல, சில மாசத்துல அது தானா போயிடுது. அதுவரைக்கும் கை கழுவுறது, அதோட படுக்கைத் துணியை வெந்நீர்ல துவைச்சு வெயில்ல காயப் போடுறது, வீட்ல யாருக்காவது ஆறாத புண் இருந்தா அவங்களையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் காட்டுறது, இவ்வளவுதான் வேணும்.